அம்பு கிடைக்கிறது... அம்பறாத்தூணி எங்கே?

பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு தோல் குழாய் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் முழ நீளம், அடியில் வட்டமாக ஒரு மூடி, பக்கத்தில் அறுந்துபோன ஒரு வார். "நாயக்கர் காலத்து அம்பறாத்தூணி சார்" என்கிறார் கடைக்காரர். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுதே சார்!"

பார்த்தால் தெரியாது. அதுதான் விஷயமே. மதுரையில் திருமலை நாயக்கர் பெயரைச் சொன்னால் எந்தப் பழைய பொருளுக்கும் விலை இரண்டு மடங்காகிவிடும். வாள், கத்தி என்றால்கூட இரும்பைப் பார்த்து ஏதாவது சொல்ல ஆள் உண்டு. தோல் சமாச்சாரம் என்றால் பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வில்லாளி என்று ஒருவன் இருந்தால் அவன் முதுகிலோ இடுப்பிலோ அம்புக்கூடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதைத் தைத்தவர் ஒருவரும் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கூடும் காணோம், தைத்தவர் பெயரும் காணோம்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். அம்பறாத்தூணி என்றால் அம்பு + அறா + தூணி. அம்பு தீர்ந்தே போகாத கூடு. காண்டவ வனத்தை எரிக்கும் முன் அர்ஜுனனுக்குக் காண்டீபத்தோடு எடுக்க எடுக்கக் குறையாத தூணிகள் இரண்டு கிடைத்த கதை மகாபாரதத்தில் வருகிறதல்லவா, அந்த நினைப்பு பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நெல் அளக்கிற தூணி வேறு. (நாலு மரக்கால் ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.) ஒலி ஒன்றாக இருந்தாலும் வில்லாளியின் தூணி வடமொழித் தூணீரத்துக்கு உறவு.

இன்னொரு பழைய பெயர் ஆவநாழிகை. அதில் உள்ள நாழி குழாய் வடிவத்தைக் காட்டுகிறது. மூன்றாவது பெயர் புட்டில். இது கூடைக்கும் பெயர், விரலில் மாட்டும் உறைக்கும் பெயர், அம்புக்கூட்டுக்கும் பெயர். ஆக, ஒரு பெயர் குழாய் என்கிறது, ஒரு பெயர் கூடை அல்லது உறை என்கிறது. எல்லாம் தோலால்தான் செய்யப்பட்டன என்று எந்தப் பெயரும் சத்தியம் செய்யவில்லை. மூங்கில் குழாயும் அம்புக்கூடுதான், பிரம்பில் பின்னியதும் அம்புக்கூடுதான். கடையில் தொங்குவது தோல் என்பதாலேயே அது தூணி ஆகிவிடாது. தூணி என்பதாலேயே அது தோலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பனியும் சேறும்

உலகத்தில் மிகப் பழைய அம்புக்கூடுகளில் ஒன்று 1991-ல் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா இத்தாலி எல்லையில், பனிக்குள் உறைந்து கிடந்த ஒரு மனிதனோடு. ஓட்ஸி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இறந்து சுமார் 5300 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் வைத்திருந்த தோல் தூணியில் 14 அம்புகள். அதில் இரண்டுதான் எய்வதற்குத் தயார் நிலையில், மற்ற 12-ம் பாதி வேலை முடிந்தவை. மனிதர் கடைசி நாளில் அவசரத்தில் இருந்திருக்கிறார்!

இதில் நமக்கு வேண்டிய பாடம் வேறு. அந்தத் தூணியின் தோல் ஷாமோய் என்ற மலையாட்டின் தோல் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016-ல் மரபணுச் சோதனை வெளியானபோது அது ரோ என்ற மான் வகையின் தோல் என்று தெரிந்தது. உலகமே உற்றுப் பார்த்த ஒரு பொருளில், 25 வருடமாக, எந்த மிருகம் என்பதே தப்பாக இருந்திருக்கிறது. "பார்த்தாலே தெரியுதே" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இரண்டாவது உதாரணம் மேரி ரோஸ். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545-ல் மூழ்கியது, 1982-ல் மேலே தூக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வில்லும் ஆயிரக்கணக்கில் அம்பும் கிடைத்தன. கூடவே வட்டமான தோல் துண்டுகள், ஒவ்வொன்றிலும் 24 ஓட்டை. ஓட்டைக்கு ஓர் அம்பு. இறகுகள் ஒன்றோடொன்று உரசிக் கெட்டுப்போகாமல் அம்புகளைப் பிரித்து வைக்கும் தட்டு அது. சுற்றியிருந்த பை மக்கிப்போயிருந்தால், இந்தத் தட்டைத் தனியாகப் பார்ப்பவர் இதைச் சல்லடை என்றுகூட எழுதிவைத்திருப்பார்.

ஒன்றைப் பனி காப்பாற்றியது, ஒன்றைக் காற்றுப் புகாத கடல் சேறு காப்பாற்றியது. மதுரையில் இரண்டும் கிடையாது. இருப்பது வெயில், ஐப்பசி மழை, கரையான், எலி.

கல்லுக்கு உள்ள ஆயுள் தோலுக்கு இல்லை

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள் ஏராளமாகக் கிடைத்தன, அம்பு முனைகள் உட்பட. இரும்பு துருப்பிடித்தாவது மிஞ்சும். அம்பின் தண்டு, இறகு, நாண், தூணி எல்லாம் மண்ணோடு மண். கணக்குப் பாடத்தில் தேய்மானம் போடுவார்களே, அது மாதிரி யோசித்தால் இரும்புக்கு இரண்டாயிரம் வருடம் கழித்தும் ஏதோ ஒரு மிச்ச மதிப்பு இருக்கிறது. தோலுக்கு இந்தச் சீதோஷ்ணத்தில் நூறு வருடத்தில் ஏடு முடிந்துவிடும்.

தோல் எப்படி வாழ்ந்து எப்படிச் சாகிறது என்று பார்க்க மியூசியம் போக வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்குப் போனால் போதும். அழகர் வைகையில் இறங்கும்போது அவர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோளில் மாட்டியிருப்பது ஆட்டுத்தோல் பை. துருத்தி என்றும் தோப்பறை என்றும் சொல்வார்கள். ஆட்டின் தோலை உரித்து, பதப்படுத்தி, கால் துவாரங்களைக் கட்டி, ஒரு முனையில் குழாய் பொருத்தினால் பை தயார். இடையில் பிரஷர் பம்பு வைத்து அடிக்க ஆரம்பித்து, அது 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. பாரம்பரியத் தோல் பைதான் என்று உத்தரவும் வந்தது. இந்தப் பையைப் பத்திரப்படுத்தி நூறு வருடம் வைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. கிழிந்தால் தைப்பார்கள், தைக்க முடியாமல் போனால் தூக்கிப் போடுவார்கள், அடுத்த வருடம் புதுசு. அம்பறாத்தூணியும் அன்றைக்கு இப்படிப்பட்ட பொருளாகத்தான் இருந்திருக்கும். வாளுக்குப் பெயர் வைப்பார்கள், பூஜை போடுவார்கள். அம்பு வைக்கும் பைக்கு யார் வைப்பார்கள்?

இந்த ஊரில் தோல் பதப்படுத்த ஆவாரம் பட்டைதான் பெரிய சரக்கு. ஆவாரஞ்செடி வறண்ட காட்டில் தானாக முளைப்பது, தண்ணீர் கேட்காது. கூடவே கடுக்காய். இந்த முறையில் பதமான தோலுக்கு மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வரும். மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் பேர் போன ஊர். கமலைக் கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்தில் சாலுக்குக் கீழே தொங்கிய தோல் வால், மாட்டுக்கு வார், காலுக்குச் செருப்பு, தவிலுக்கும் உறுமிக்கும் பறைக்கும் தோல்... விவசாயமும் இசையும் சண்டையும் தோல் இல்லாமல் நடந்ததில்லை.

அதைச் செய்தவர்கள்? சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளிகளைச் சொல்லிக்கொண்டே போகும்போது தோல் தைப்பவர்களையும் சேர்த்துச் சொல்கிறது. அதோடு சரி. கல்வெட்டில் தேவதானம் கொடுத்தவர் பெயர் உண்டு, விளக்கு எரிக்க ஆடு விட்டவர் பெயர் உண்டு, எத்தனை ஆடு என்ற கணக்கும் உண்டு. அந்த ஆட்டின் தோலைத் தைத்தவர் பெயரைத் தேடினால் கை வலிக்கும். மதுரைப் பக்கம் ஒரு தோல் தொழிலாளி பெயரோடு ஞாபகத்தில் நிற்பது மதுரை வீரன் கதையில்தான். வீரனை எடுத்து வளர்த்த சின்னான் செருப்புத் தைப்பவர். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படம் வந்த பிறகு கதை தெரியாதவர்களே இல்லை. வளர்ப்பு மகனுக்கு மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரம் பக்கம் சந்நிதி. அப்பா செய்த வேலைக்கு ஒரு சாட்சியும் மிச்சமில்லை.

சரி, சிற்பத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. இங்கேதான் கவனம் தேவை.

தஞ்சாவூர் பக்கம் பசுபதிகோயிலை ஒட்டிப் புள்ளமங்கை என்று ஓர் ஊர். அங்குள்ள பிரம்மபுரீசுவரர் கோயில் 10-ம் நூற்றாண்டு, முற்காலச் சோழர் வேலை. அதன் வடபுறச் சுவரில் எருமைத் தலை மேல் நிற்கும் துர்க்கையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேலே குடை, பக்கத்தில் சிங்கம், மான். இரண்டு தோளுக்குப் பின்னாலும் அம்பறாத்தூணி, ஆளுக்கு ஒன்றாக. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. அம்மனுக்குக் கைகள் அதிகம் என்பதால் இது சரிதான். :-) சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் எயினர் கும்பிடும் கொற்றவையின் வம்சம் இவள்.

ஆனால் சோழர் படை வில்லாளி முதுகில் இரண்டு தூணி மாட்டிக்கொண்டு போனான் என்று இதை வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். இது சாமி சிலை. சாமிக்கு எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பது சிற்ப நூல் வழியாக வருவது. சிற்பி சந்தைக்குப் போய்ச் சிப்பாயைப் பார்த்துச் செதுக்குவதில்லை, தன் குரு செதுக்கியதைப் பார்த்துத்தான் செதுக்குவான்.

மதுரைக்கு வந்தால் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம் (எண்ணினால் 985 தூண்தான்!) அரியநாத முதலியார் 1569 வாக்கில் கட்டியது. அர்ஜுனன், மன்மதன், ரதி, குறவன், குறத்தி என்று ஆளுயரச் சிற்பங்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் போனால் கர்ணன், அர்ஜுனன், மன்மதன். புதுமண்டபம் 1630-களில் திருமலை நாயக்கர் எழுப்பியது, அங்கே நாயக்க மன்னர்களே வரிசையாக நிற்கிறார்கள். மூன்று இடத்திலும் கல் பளபளவென்று இருக்கிறது, நகை நட்டு ஒவ்வொன்றும் எண்ணலாம்.

1569 என்பது தலைக்கோட்டைப் போர் முடிந்து நாலு வருடம். தென்னிந்தியப் படைகளில் துப்பாக்கியும் பீரங்கியும் ஏற்கனவே வந்துவிட்டன. அப்படியிருக்க மண்டபத்துத் தூணில் வில் பிடித்து நிற்பது யார்? அர்ஜுனனும் மன்மதனும். ஒருவன் புராண காலத்தவன், இன்னொருவன் கையில் இருப்பது கரும்பு வில், மலர் அம்பு. மலர் அம்புக்குச் செய்த கூட்டைப் பார்த்து இரும்பு அம்புக்குச் செய்த கூட்டின் காலத்தைச் சொல்ல முடியாது. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் பாணியில் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது, தமிழில் விளக்கம் எழுதி. அங்கும் அதே கதைதான்: வில் பிடிப்பவர்கள் ராமரும் லட்சுமணரும்.

அப்படியானால் சிற்பம், ஓவியம் எதுவுமே பயன்படாதா? பயன்படும். அந்தச் சிற்பி காலத்தில் தூணி என்றால் ஜனங்களுக்கு என்ன வடிவம் மனசில் வந்தது என்பதைக் காட்டும். வார் எந்தத் தோளில் குறுக்கே வருகிறது, வாய் அகலமா குறுகலா, மூடி உண்டா, அம்பின் இறகு வெளியே தெரிகிறதா, தூணி முதுகிலா இடுப்பிலா. கடைசிக் கேள்வி முக்கியம். வடக்கே முகலாய ஓவியங்களில் தர்கஷ் என்ற அம்புக்கூடு பெரும்பாலும் இடுப்புக் கச்சையில் தொங்கும். குதிரை மேல் போகிறவனுக்கு அதுதான் வசதி. வெல்வெட்டும் சரிகை வேலையும் கொண்ட தர்கஷ்கள் பல மியூசியங்களில் உண்டு. மதுரைப் பக்கமும் வடக்கத்திப் படைகள் வராமல் இல்லை. 1690-களில் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் தெற்கே வந்து கப்பம் வாங்கினார், 1736-ல் சந்தா சாகிப், பிறகு 1764-ல் தூக்கிலிடப்படும் வரை யூசுப் கான். எனவே மதுரையில் இடுப்பு வார் வைத்த கூடு ஒன்று கிடைத்தால் அது இந்த ஊரில் செய்ததா, வந்தவர்கள் விட்டுப்போனதா என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும்.

பழைய இரும்புக் கணக்கில் போன சரக்கு

காலம் கொஞ்சம் தின்றது என்றால் சர்க்கார் நிறையத் தின்றது.

1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பெயரில் அறிவிப்பு. பாளையக்காரர்களும் ஜனங்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும். சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. 1801-ல் அதே மருதுவுக்கு எதிராகப் போரிட்டவரும் அவரே. 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதி வைத்ததால்தான் வளரி நூறு கஜம் வரை குறி தவறாமல் போகும் என்ற விவரமெல்லாம் அச்சில் இருக்கிறது. வளரிக்கு ஒரு வெல்ஷ் கிடைத்தார், அம்பறாத்தூணிக்கு அந்த மாதிரி ஆள் அமையவில்லை.

1855-ல் தஞ்சாவூர் மராட்டிய அரசு கம்பெனி கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலை தென்னிந்தியாவிலேயே பெரியவைகளில் ஒன்று. 1863-ல் அதைக் கலைத்தார்கள். நல்லது என்று தோன்றியதைச் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இரும்புக்கு எடை போட்டால் காசு வரும். தோலுக்கு? எடைக் கணக்கில் போட்ட அன்றைக்கே தோல் உறை, வார், கூடு எல்லாம் கழிவு. ஸ்கிராப் மதிப்பு பூஜ்யம். ஒரு ஆயுதசாலையில் எது மிஞ்சும் என்பதை வாங்கியவன் தராசு முடிவு செய்திருக்கிறது.

அதே 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. அதில் ஆயுதம் என்றால் என்ன என்று ஒரு விளக்கப் பிரிவு உண்டு. துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லும் அம்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வில்லே லைசென்ஸ் சமாச்சாரம் ஆனபின் வில்லுக்குக் கூடு செய்து பிழைக்க யாரால் முடியும்? தைத்த கை செருப்புக்கும் கமலைக்கும் திரும்பியிருக்கும்.

அப்படியென்றால் கடையில் தொங்குவது என்ன?

இப்போது அந்த ஒன்றேகால் முழக் குழாயைக் கீழே இறக்கிப் பார்க்கலாம்.

முதல் சந்தேகம், அது அம்புக்கூடுதானா? தோல் குழாய் செய்ய வெள்ளைக்காரனுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. 1802-ல் சென்னையில் லாம்டன் ஆரம்பித்த பெரிய நில அளவை முதல் ஊர் ஊராகச் சர்வே. தொலைநோக்கிக்குத் தோல் உறை, வரைபடத்துக்குத் தோல் குழாய். துப்பாக்கிக் குழலுக்கு உறை. இன்னொன்று ரொம்பப் பேருக்குத் தோன்றாது. கோல்ஃப் மட்டைப் பை! கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் 1895-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்து மெல்லிய கோல்ஃப் பையையும் அம்பறாத்தூணியையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்கு அம்பெய்ததும் உண்டு, அவர்கள் கூடு இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது, சின்னது.

அம்புக்கூடு என்றால் உள்ளே கை விட்டால் தெரியும். அடித்தோல் முழுக்க முனை குத்திய புள்ளிகள் இருக்க வேண்டும். வாய் விளிம்பு கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்க வேண்டும். முதுகைத் தொட்ட பக்கம் வியர்வையில் கறுத்திருக்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது காலம் செய்த வேலை கிடையாது, யாரோ டீத்தண்ணீரில் முக்கிய வேலை.

அடுத்து பதம். வெட்டு விளிம்பைப் பாருங்கள். நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் முறை. அதற்கு 1884-ல்தான் அமெரிக்காவில் காப்புரிமை. சென்னையில் 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சி எடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. நாயக்கர் கதை அங்கேயே காலி. விளிம்பு உள்வரை பழுப்பாக இருந்தால் ஆவாரம் பட்டையோ கடுக்காயோ. இரும்பு வளையமோ ஆணியோ இருந்தால் அதைச் சுற்றிக் கறுப்புக் கறை படிந்திருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் அல்லவா, அதே ரசாயனம்தான். ஆனால் இந்த முறை இன்றும் உயிரோடு இருப்பதால் இது பழசுக்கு நிரூபணம் ஆகாது. புதுசு என்று நிரூபிக்க வழி நிறைய, பழசு என்று நிரூபிக்க வழி கொஞ்சம்.

பிறகு தையல். கையால் தைத்தால் ஓட்டை ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது கோணும். ராணுவ ஒழுங்கில் ஓடினால் மிஷின், அதாவது 1850-களுக்குப் பின். நூல் நைலான் என்றால் 1938-க்குப் பின். பிரஸ் பட்டன் 1885-க்குப் பின். லேபிள் ஏதாவது ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். விலை அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்றால் பின். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். சென்னை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பின்.

கார்பன் டேட்டிங் செய்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. ஓட்ஸி மாதிரி 5000 வருடப் பொருளுக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆனால் சுமார் 1650-லிருந்து 1950 வரை உள்ள பொருளுக்கு அளவுக்கோடு மேலும் கீழும் அலைவதால் ஒரே அளவீட்டுக்குப் பல விடை வரும். மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது 1736. ராணி மங்கம்மாள் காலமா, கட்டபொம்மன் காலமா, காந்தி மதுரையில் மேல்சட்டையைத் துறந்த 1921-ஆ என்று ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். அதுவும் அந்த ஆடு என்றைக்குச் செத்தது என்பதைத்தான் சொல்லும். தைத்த தேதியைச் சொல்லாது. கொலாஜன் புரதத்தைச் சோதித்தால் வெள்ளாடா, செம்மறியா, மாடா என்று சொல்ல முடியும், அது ஒரு லாபம்.

இத்தனையும் பார்த்த பிறகு மதுரையில் கிடைக்கும் ஒரு பழைய அம்புக்கூட்டுக்கு எந்த இடம் பொருத்தம்? போர்க்களத்தைவிட நாடக மேடைக்குத்தான் வாய்ப்பு அதிகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது மதுரையில். பாய்ஸ் கம்பெனிகள் இங்கே குடியிருந்தே நாடகம் போட்டன. வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வருவார், வில்லும் தூணியும் இல்லாமல் வேடன் ஏது? ராமாயணம், மகாபாரதம் போட்டால் ராத்திரிக்கு நாலு பேர் முதுகில் தூணி. இப்படிப்பட்ட கூட்டை அடையாளம் காண்பது சுலபம். உள்ளே அட்டை அல்லது தகரம், வெளியே தோலோ வெல்வெட்டோ, வெளிப்பக்கம் சரிகையும் கண்ணாடியும், ஜனங்களுக்குத் தெரியாத பின்பக்கம் வெறுமை. அம்பு ஆழமாக இறங்காது, அடியில் முனை குத்திய தடமும் இருக்காது. வார் மட்டும் உண்மையாகவே தேய்ந்திருக்கும். விடிய விடிய ஆடியவர் வியர்வையும் அரிதாரமும் அதில்தான் ஊறியிருக்கும்.

இதைக் கடைக்காரர் நாயக்கர் காலம் என்று விற்பதில் இரண்டு நஷ்டம். வாங்குகிறவர் ஏமாறுவது ஒன்று. அந்தப் பொருளுக்கு உண்மையில் சொந்தமான கதை அழிந்துபோவது இன்னொன்று. எந்தக் கம்பெனி, எந்த ஊர்க் கொட்டகை, எந்தத் தெருவில் யார் தைத்தது என்பதைக் கேட்டு எழுத இப்போதுகூட ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது, அழகர் வேஷத்துக்குத் துணிமணி தைத்த புதுமண்டபத்துக் கடைக்காரர்கள் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். சித்திரைக்கு ஒரு மாதம் முன்னால் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள், அதற்குப் பிறகு போனால் பேச நேரம் இருக்காது.